துலூசை விட்டு வராத விஞ்ஞானி

காலையில் பால் வாங்கி வரும்போது நம் கையில் தொங்கும் பாலித்தீன் உறையையும், குழாயடியில் வரிசையாய் நிற்கும் வண்ண வண்ணக் குடங்களையும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அந்த உறையும், அக்குடங்களுள் பலவும் எத்திலீன் என்னும் வாயுவிலிருந்து பிறந்தவை என்பதை மேல் வகுப்பு மாணவியர் அறிவர். ஆனால் அந்த எத்திலீன் ஆலையில் உருவாகும்போதே அதனோடு அழையா விருந்தாளி ஒருவரும் உடன் வந்துவிடுகிறார். அவர் பெயர் அசிட்டிலீன். கார்பைடுக் கல்லில் தண்ணீர் பட்டவுடன் நாற்றத்தோடு எழும் வாயு அதுவே. வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூச வைக்கும் சுடரும் அதுவே. பட்டறையில் அது நல்ல வேலைக்காரன். எத்திலீனுக்குள் இருந்துவிட்டாலோ, பாலித்தீன் செய்வதற்கென்று வைத்திருக்கும் விலை உயர்ந்த வினையூக்கியைக் கெடுத்து வேலையையே நிறுத்திவிடும். பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு இடையில் ஒரு சில இருந்தால்கூட ஆபத்துதான்.

இந்த அசிட்டிலீனை வடிகட்டி எடுக்க முடியாது. சல்லடையில் சலிக்கவும் முடியாது. பின் எப்படித்தான் நீக்குகிறார்கள்? உலோகத் துகள்களின் மீது சிறிது ஹைட்ரஜனுடன் சேர்த்து அனுப்பி, அசிட்டிலீனையே எத்திலீனாக மாற்றிவிடுகிறார்கள். திருடனைப் பிடித்துக் காவல்காரனாக்குவது போன்ற வேலை! இவ்வழிக்கு வித்திட்டவர் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த பால் சபாத்தியே என்னும் கத்தோலிக்க விஞ்ஞானி. அவருடைய வாழ்க்கையை இந்த மலரின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாகவே எண்ணியிருந்தோம்.

கோட்டை மதில்களுக்குப் பெயர்போன கார்க்கசோன் நகரில் 1854-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் சபாத்தியே பிறந்தார். அவருடைய தாய்மாமன்களையும் சிற்றப்பன்மார்களையும் பற்றி எழுதுவோர் பலர். நாமோ அவருடைய மூத்த சகோதரியைப் பற்றி முதலில் எழுத விரும்புகிறோம். தம்பிக்குப் பாடம் சொல்லித் தரவேண்டும் என்பதற்காகவே அந்த அக்காள் இலத்தீனும் கணிதமும் கற்றுக்கொண்டாராம். பெண்களுக்கு அக்கல்வி எளிதில் கிட்டாத காலம் அது. தம்பி உலகப் புகழ் பெற்றார். அந்த அக்காள் கற்ற கணிதம் பிறகு என்ன ஆயிற்று என்பதை எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. தம்பிமாருக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரும் மாணவியர் நம் பள்ளியிலும் உண்டல்லவா? அவர்களை நினைத்துக்கொண்டே இவ்வரிகளை எழுதுகிறோம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாரிஸ் நகரின் இரு பெரும் கல்வி நிலையங்களுக்கு அவர் தேர்வு எழுதினார். இரண்டிலும் இடம் கிடைத்தது. பொறியியல் வழியில் செல்லாமல், ஆசிரியர்களை உருவாக்கும் எக்கோல் நார்மாலை 1874-இல் தேர்ந்துகொண்டு, மூன்று ஆண்டுகளில் வகுப்பில் முதல்வராக வெளிவந்தார். நீம் நகரில் ஓராண்டு இயற்பியல் ஆசிரியராக இருந்தார். பின்னர் பாரிசில் பெர்த்தலோ என்னும் புகழ்பெற்ற வேதியியலாரின் உதவியாளரானார். 1880-இல் டாக்டர் பட்டம் பெற்றார். போர்தோ நகரில் ஓராண்டுக்குச் சற்று மேல் பணி. 1882 ஜனவரியில் துலூஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முப்பது வயதில், 1884-இல், வேதியியல் பேராசிரியர் ஆனார். வந்தவர் வந்தவர்தான், சாகும்வரை அவ்வூரை விட்டுப் போகவில்லை.

அந்நாளில் பிரான்சு நாட்டில் பாரிசுக்கு வெளியே இருப்பவனை விஞ்ஞானியாக மதிப்பது அரிது. கருவிகள், பணம், பதவி, பட்டம் யாவும் தலைநகரில்தான். துலூசிலோ ஆய்வுக்கூடம் சிறியது, வசதியும் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் ஒரு குருவானவர். ஜான் பாப்திஸ்த் சாந்தெரான்ஸ் என்பது அவர் பெயர். துலூஸ் நகரின் கத்தோலிக்கக் கல்வி நிலையத்தில் வேதியியல் கற்பித்து வந்தார். பூசைக்குப் பின் அங்கியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து கண்ணாடிக் குழாய்களைச் சூடேற்றும் ஒரு குருவை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். இருவரும் சேர்ந்து செய்த வேலையே பின்னாளில் உலகை மாற்றியது.

கதையின் தொடக்கம் இங்கிலாந்தில். 1890-இல் லூட்விக் மாண்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அதிசயத்தைக் கண்டனர். திண்மையான நிக்கல் உலோகம் கார்பன் மோனாக்சைடு வாயுவோடு சேர்ந்து, எளிதில் ஆவியாகிவிடும் ஒரு சேர்மமாக மாறியது. இதைப் படித்த சபாத்தியே யோசித்தார்: ஒரு வாயு உலோகத்தைப் பற்றிக்கொள்ளுமானால், வேறு வாயுக்களும் ஏன் பற்றிக்கொள்ளக் கூடாது? நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கொண்டு சாந்தெரான்சோடு சேர்ந்து சோதித்தார். ஓரளவு பலன் கிடைத்தது. அடுத்து எத்திலீன், அசிட்டிலீன் போன்ற நிறைவுறா வாயுக்களின் மீது அவருடைய கண் விழுந்தது.

அப்போது, 1896-இல், பாரிசில் முவாசான், மூரு என்ற இருவர் அசிட்டிலீனை நிக்கல் பொடியின் மீது செலுத்திய செய்தி வந்தது. பொடி தணல்போல் ஒளிர்ந்தது; கரி படிந்தது. உலோகத்தின் நுண்துளைகளில் வாயு அடைபட்டுச் சூடேறியதே காரணம் என்று அவர்கள் முடிவு கட்டினர். சபாத்தியேவுக்கு அவ்விளக்கம் போதவில்லை. ஆனாலும் மற்றவர் தொடங்கிய வேலையில் சொல்லாமல் கொள்ளாமல் புகுந்துவிட அவர் மனம் இடம் தரவில்லை. இந்த ஆய்வைத் தொடரும் எண்ணம் உண்டா என்று முவாசானையே கேட்டறிந்தார். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் தம் குழாயைச் சூடேற்றினார். ஆய்வுப் புகழுக்கு அடித்துக்கொள்ளும் உலகில் இது சிறிய செய்தி அன்று என்பது எம் கருத்து.

1897-இல் அவரும் சாந்தெரான்சும், அசிட்டிலீனைவிடச் சாதுவான எத்திலீனை எடுத்துக்கொண்டனர். அப்போதுதான் ஆக்சைடிலிருந்து பிரித்தெடுத்த நிக்கல் பொடியை ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தில் வைத்து, அதன் மீது எத்திலீனைச் செலுத்தினர். பொடி ஒளிர்ந்தது, கரி படிந்தது. இதுவரை பாரிசில் கண்டதேதான். ஆனால் மறுமுனையில் வெளிவந்த வாயுவைப் பிடித்துச் சோதித்தபோது வியப்பு காத்திருந்தது. ஹைட்ரஜன் மட்டும் வரும் என்று நினைத்த இடத்தில் பெரும்பகுதி ஈத்தேனாக இருந்தது! ஈத்தேன் என்பது எத்திலீனோடு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தது. அப்படியானால் எத்திலீனின் ஒரு பகுதி சிதைந்து ஹைட்ரஜனைத் தந்திருக்கிறது. அந்த ஹைட்ரஜனை நிக்கல், மிஞ்சிய எத்திலீனோடு சேர்த்து வைத்திருக்கிறது. இதை ஊகித்த அவர்கள், ஹைட்ரஜனையும் எத்திலீனையும் முன்கூட்டியே கலந்து நிக்கல் மீது செலுத்தினர். இப்போது பெருஞ்சூடும் தேவைப்படவில்லை. நம் ஊர்க் கோடைப் பகலின் வெப்பமே போதுமானதாக இருந்தது. கலவை அமைதியாக ஈத்தேன் ஆயிற்று. நிக்கலோ இருந்தபடியே இருந்தது.

கல்யாணத் தரகர் இரு வீட்டாரையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுபோல, வினையூக்கி பொருள்களைச் சேர்த்து வைத்துவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கிறது. ஆனால் அது சும்மா வேடிக்கை பார்த்து நிற்பதில்லை. ஹைட்ரஜன் முதலில் நிக்கலோடு சேர்ந்து நிலையற்ற ஒரு சேர்மம் ஆகிறது, அச்சேர்மம் உடனே ஹைட்ரஜனை எத்திலீனுக்குக் கொடுத்துவிட்டுப் பழைய நிக்கலாகிறது என்று சபாத்தியே கருதினார். வாயுக்கள் உலோகத்தின் துளைகளில் நெருக்கப்படுவதே காரணம் என்று நம்பிய பெரியோர் அக்காலத்தில் பலர். இன்றைய அறிவின்படி சபாத்தியேவின் எண்ணமே உண்மைக்கு அருகில் வருகிறது. வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில் உள்ள அணுக்களில். பிடிப்பு மிகத் தளர்வாக இருந்தால் வினை தொடங்காது. மிக இறுக்கமாக இருந்தால் பிடித்ததை விடாது. அளவான பிடிப்பே வேண்டும் என்னும் இவ்விதியை வேதியியலார் சபாத்தியே தத்துவம் என்றே அழைக்கின்றனர்.

இந்தக் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி அடங்குமுன் வீட்டில் பேரிடி விழுந்தது. 1898-இல் மனைவி ஜெர்மேன் இறந்தார். நான்கு பெண் குழந்தைகள். சபாத்தியே மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசாத, தம்முள் ஒடுங்கிய இயல்பினர் அவர். துக்கத்தையும் பேசாமலே சுமந்திருப்பார் போலும். ஆய்வு மட்டும் நிற்கவில்லை. 1899-இல் அசிட்டிலீனையும் ஹைட்ரஜனையும் கலந்து நிக்கல் மீது செலுத்திப் பார்த்தனர். 1901-இல், எவருக்கும் எளிதில் வசப்படாத பென்சீன், சைக்ளோஹெக்சேன் ஆயிற்று. 1902-இல் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டையாக்சைடும் மீத்தேனாக மாறின.

இந்த வெற்றிகளுக்கு நடுவே அவர்களை வாட்டிய ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். நேற்று நன்றாக வேலை செய்த நிக்கல் இன்று திடீரென்று செத்துப்போகும். வாயுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு கந்தகம் இருந்தாலே போதும். குளோரின், புரோமின், ஆர்சனிக் இவற்றின் சாயலும் ஆகாது. கடையில் வாங்கிய பென்சீனில் தையோபீன் என்னும் கந்தகப் பொருள் ஒளிந்திருந்து நிக்கலைக் கொன்றுவிடும். ஆகவே ஹைட்ரஜனைப் பழுக்கக் காய்ந்த தாமிரத்தின் மீதும், பிறகு காரத்தின் மீதும் செலுத்தித் தூய்மையாக்கிய பின்னரே நிக்கலிடம் அனுமதித்தனர். குழந்தைக்குப் பால் காய்ச்சும் தாய்கூட அத்தனை கவனமாக இருந்திருக்க மாட்டார். வேறு நாடுகளில் இச்சோதனையைச் செய்து பார்த்துத் தோற்றவர்களுள் பலர், இத்தூய்மையில் கவனம் தவறியவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே சரி என்று நாம் எண்ண வேண்டாம். அசிட்டிலீனும் ஹைட்ரஜனும் நிக்கல் மீது சேர்ந்தபோது பெட்ரோலியம் போன்ற திரவங்களும் கிடைத்தன. அதைக் கண்டு, பூமிக்கடியிலும் பெட்ரோலியம் இவ்வாறே உண்டாகியிருக்கும் என்று கருதினார். பழங்கால உயிரினங்களின் எச்சத்திலிருந்தே அது உண்டாயிற்று என்பதே இன்று நிலவியல் அறிஞர்கள் ஏற்கும் முடிவு. அதுபோலவே, ஆவியாகக்கூடிய பொருள்களுக்கே தம் முறை பொருந்தும் என்று கருதி அவர் ஆவிகளிலேயே நின்றுவிட்டார். 1902-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் நார்மன் என்பவர் திரவ எண்ணெயையே நிக்கலோடு கலந்து ஹைட்ரஜன் செலுத்திக் கெட்டிக் கொழுப்பாக்கி, அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். நம் பாட்டிமார் சமையலறையில் பலகாரம் சுட்ட டால்டா அவ்வழி வந்தது. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று பின்னர் தெரிந்து, இந்தியாவில் 2022 முதல் அதன் அளவை நூற்றுக்கு இரண்டாகக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

1905-இல் சபாத்தியே துலூசில் அறிவியல் துறையின் தலைவரானார். 1907-இல் முவாசானும் பெர்த்தலோவும் அடுத்தடுத்து மறைந்தபோது, பாரிசில் அவ்விருவருடைய நாற்காலிகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. இரண்டையும் மறுத்துவிட்டார். துலூசிலேயே வேதியியல், மின்னியல், வேளாண்மை ஆகியவற்றுக்கு நிலையங்கள் எழக் காரணமாக இருந்தார். பாரிசில் குடியிருப்போர் மட்டுமே அறிவியல் அகாதமியின் முழு உறுப்பினராகலாம் என்பது அந்நாள் விதி. அவர் விதிக்கு வளையவில்லை. விதி அவருக்காக வளைந்தது என்றே சொல்லலாம். வெளியூரில் வாழும் அறிஞர்களுக்கென்று ஆறு புதிய இடங்களை உருவாக்கி, 1913-இல் முதல் இடத்துக்கு அவரையே தேர்ந்தெடுத்தனர்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1912-இல், நோபல் பரிசு வந்தது. வேதியியல் பரிசை அவ்வாண்டு இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பாதியைக் கிரிஞ்யாருக்கும் மறுபாதியை, நுண்ணிய உலோகத் துகள்களைக் கொண்டு ஹைட்ரஜன் சேர்க்கும் முறைக்காகச் சபாத்தியேவுக்கும் அளித்தனர். சாந்தெரான்ஸ் அடிகளாருக்கு ஒன்றும் இல்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கிறோம். 1897-ஆம் ஆண்டின் அந்த முதல் சோதனையின் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. அதன் பின் வந்த பல கட்டுரைகளிலும் அப்படியே. 1905-இல் பிரெஞ்சு அகாதமி ஜெக்கர் பரிசை இருவருக்கும் சேர்த்தே தந்தது. கூட்டாகச் செய்த வேலைக்குக் கூட்டாகப் பரிசு தரும் வழக்கம் நோபல் குழுவுக்கும் புதிதன்று. 1903-இல் பியர் கியூரியின் பெயரை மட்டும் பரிந்துரைத்தபோது, மனைவி மேரியின் பங்கையும் சேர்க்க வேண்டும் என்று பியர் எழுதினார்; மேரிக்கும் பரிசு கிடைத்தது. நம் மாணவியர் அனைவரும் அறிந்த கதை அது. சபாத்தியே தம் சுவீடன் உரையில் சாந்தெரான்சின் பெயரைச் சொல்லத் தவறவில்லை என்பது உண்மை. ஆயினும் யாருடைய எண்ணம், யாருடைய உழைப்பு என்ற பேச்சு எழுந்து, நண்பர் இருவருக்கும் இடையே கசப்பு புகுந்தது. வழிகாட்டிய எண்ணம் சபாத்தியேவுடையது என்போர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் குழாயடியில் நின்றவரைப் பரிசின் ஏட்டில் காணாதது எமக்கு மனக்குறையாகவே இருக்கிறது. சாந்தெரான்ஸ் தம் ஆய்வுகளை விட்டுவிடவில்லை, தனியாகத் தொடர்ந்தார். 1922-இல் அகாதமி அவரையும் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. 1937-இல் அவர் காலமானார்.

இனி, நாம் தொடங்கிய அசிட்டிலீனுக்கு வருவோம். எத்திலீன் ஆலைகளில் நாஃப்தா போன்ற பெட்ரோலியப் பகுதிகளை நீராவியோடு 800 பாகைக்கு மேல் சூடாக்கி உடைக்கிறார்கள். வெளிவரும் வாயுக்கலவையில் அசிட்டிலீன் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு இருக்கும். எத்திலீன், ஈத்தேன், அசிட்டிலீன் மூன்றும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் நெருங்கிய இயல்பு உடையவை; ஆகவே காய்ச்சி வடிப்பதால் மட்டும் முற்றாகப் பிரிக்க இயலாது. சபாத்தியே பயன்படுத்திய நிக்கலும் இங்கே பயன்படாது. அது அசிட்டிலீனோடு நில்லாமல் நமக்கு வேண்டிய எத்திலீனையும் ஈத்தேனாக்கிவிடும் பேராசைக்காரன். அதனால் பெல்லேடியம் என்னும் உலோகத்தை அலுமினா உருண்டைகளின் மீது மிக மெல்லியதாகப் பூசி வைக்கிறார்கள். பெல்லேடியம் எத்திலீனைவிட அசிட்டிலீனையே இறுகப் பிடிக்கும். ஆகவே நூறில் ஒன்றாக இருந்தாலும் அசிட்டிலீனே முதலில் இடம் பிடித்து, ஹைட்ரஜன் பெற்று எத்திலீனாகி விலகுகிறது. இன்னும் கட்டுப்பாடு வேண்டி வெள்ளியையும் கலக்கிறார்கள். சில இடங்களில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் உலோகத்தின் வேகத்தை அடக்குகிறது. அன்று துலூசில் தலைவலியாக இருந்த நஞ்சு, அளவோடு கொடுத்தால் மருந்தாகிறது! 1952-இல் லிண்ட்லர் என்பவர் ஈயத்தால் பெல்லேடியத்தின் வேகத்தைக் குறைத்ததும் இவ்வகைதான்.

அளவு தவறினால் விளைவு கடுமை. ஹைட்ரஜன் கூடினால், அல்லது சூடு ஏறினால், எத்திலீனும் வினைப்படத் தொடங்கும். அவ்வினை வெப்பத்தை வெளியிடும். வெப்பம் வினையை விரைவாக்கும். இப்படி ஒன்றையொன்று தூண்டிக் கலத்தின் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். ஆதலால் வெப்பமானியை இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். அசிட்டிலீன் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே பிணைந்து பச்சை எண்ணெய் எனப்படும் பிசுக்காகி உருண்டைகளை அடைப்பதும் உண்டு.

1902-ஆம் ஆண்டின் மீத்தேன் வினையும் இதேபோல் துப்புரவு வேலைக்கு வந்தது. உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவைச் செய்யும்போது, ஹைட்ரஜனில் எஞ்சிய கார்பன் ஆக்சைடுகள் இரும்பு வினையூக்கியைக் கெடுக்கும். கடைசிக் கட்டத்தில் நிக்கல் மீது செலுத்தி அவற்றைத் தீங்கற்ற மீத்தேனாக்கிவிடுவார்கள். 1970களில் நம் மணலியிலும் தூத்துக்குடியிலும் நாஃப்தாவைக் கொண்டு அம்மோனியா செய்யத் தொடங்கிய உர ஆலைகள் இத்தொழில்முறையைச் சேர்ந்தவையே. அந்த நாஃப்தாவிலிருந்து முதலில் கந்தகத்தை நீக்க வேண்டும்; அதற்கும் ஹைட்ரஜன், அதற்கும் ஒரு வினையூக்கி. விண்வெளி நிலையத்துக்கும் 2010-இல் ஒரு சபாத்தியே கருவியை அனுப்பினர். வீரர்கள் வெளிவிடும் கார்பன் டையாக்சைடிலிருந்து குடிநீரைப் பெற அது சில ஆண்டுகள் உழைத்தது.

இவற்றுள் பெரும்பகுதியைச் சபாத்தியே காணவில்லை. 1930-இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் வகுப்பு எடுப்பதை விடவில்லை. ஓவியத்திலும் தோட்ட வேலையிலும் அவருக்கு விருப்பம் உண்டு. நான்கு மகள்களுள் ஒருவர் பொமிலியோ என்னும் இத்தாலிய வேதியியலாரை மணந்தார். பிரான்சு தோல்வியுற்று நாடே துயரில் ஆழ்ந்திருந்த போர்க்காலத்தில், 1941 ஆகஸ்ட் 14-ஆம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தைய நாள், துலூசிலேயே அவர் கண்மூடினார். வயது எண்பத்தாறு. 1969-இல் அவ்வூரில் அறிவியலுக்கென அமைந்த பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.